கேட்கத் தெரிந்த விசுவாசம்

கடற்கரைக் காந்தி சிலைப் பக்கத்திலிருந்து மேற்கே நீளும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, மியூசிக் அகாடமி முனையில் டி.டி.கே. சாலையைக் கடந்ததும் கதீட்ரல் சாலை என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. மேம்பாலத்தில் போகிறவர்கள் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும் இந்த இடத்தில் கூடும் மூன்று பெயர்களுக்கும் யாரும் அதிகம் பேசாத ஓர் உறவு உண்டு. ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, கிறிஸ்தவர்கள் வேதாந்தத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதியபடியே தத்துவ உலகுக்குள் வந்தவர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே கல்லூரியில் படித்த ஐயங்கார். கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்தை எடுத்துச் சொல்லும் உரிமைக்காக அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேசியவர். கதீட்ரல் என்பது புனித ஜார்ஜ் பேராலயம். ஒருவரையொருவர் முழுமையான சபை என்று ஒப்புக்கொள்ளாதிருந்த கிறிஸ்தவப் பிரிவுகள் 28 ஆண்டுகள் பேசிப் பேசி 1947இல் ஒன்றான இடம். கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி நம் ஊரில் இன்று நடக்கும் பேச்சு பெரும்பாலும் தாக்குதலாகவோ தற்காப்பாகவோ இருக்கிறது. இரண்டும் அல்லாத பேச்சும் இங்கே நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: பணிவோடு செவிகொடுத்தவர்கள் நம்பிக்கை தளர்ந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் உறுதியானவர்கள். செவிகொடுக்காதவர்கள் வாதத்தில் வென்ற இடத்திலும் ஆட்களை இழந்தார்கள்.

1908ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போயிருக்கவில்லை. பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணனுக்கு வயது 20கூட நிறையவில்லை. உலகம் மாயை என்றும், அனுபவிப்பதெல்லாம் பழைய வினை என்றும் சொல்லும் வேதாந்தத்தில் நன்னடத்தைக்கு எங்கே இடம் என்பது மிஷனரிகள் அன்று வழக்கமாக எழுப்பிய கேள்வி. விவேகானந்தரின் பேச்சுகளால் நிமிர்ந்திருந்த ஓர் இளைஞனுக்கு அந்தக் கேள்வி வகுப்பறையில் தினமும் குத்தியிருக்கும். தன் மதத்தைக் கூர்ந்து படிக்கத் தன்னைத் தள்ளியது கிறிஸ்தவ விமர்சகர்களின் சவால்தான் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். முதுகலைத் தேர்வுக்கு அவர் எழுதிய ஆய்வுரை, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு உறுதியான அடித்தளம் உண்டு என்று வாதிட்டது. தத்துவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் இதைத் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் மாணவருக்கு இருந்தது. ஹாக் ஸ்காட்லாந்து மிஷனரி; கிறிஸ்துவை அறிவிக்கக் கடல் தாண்டி வந்தவர். அவர் அந்த ஆய்வுரையைப் படித்துவிட்டுக் கொடுத்த சான்றிதழில், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் திறனையும் பிரச்சினையின் முக்கியப் பகுதிகளைப் பற்றிய அபாரமான புரிதலையும் பாராட்டியிருந்தார். ஆய்வுரை அதே ஆண்டில் புத்தகமாக வெளிவந்தது.

ஹாக் இதை வெறும் பெருந்தன்மைக்காகச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவரே கர்மக் கொள்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் 1909இல் கர்மமும் மீட்பும் பற்றிய புத்தகமாக வந்தன. கர்ம நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அன்றைக்குச் சுலபமான வழி. ஹாக் அதைச் செய்யவில்லை. செய்த செயலுக்குக் கணக்குத் தீர்ந்தே ஆகவேண்டும் என்பது நீதியைப் பற்றிய கனமான கருத்து என்று முதலில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான், கிறிஸ்தவம் சொல்லும் மீட்பு எங்கே அதிலிருந்து விலகுகிறது என்று காட்டினார். இரு மதங்களிலும் ஒத்த கருத்துகளைப் பொறுக்கியெடுத்து எல்லாம் ஒன்றே என்று மகிழ்வதில் அவருக்கு ஆர்வம் இல்லை. வேறுபாட்டைக் கூர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் எதிரில் இருப்பவர் தன் கருத்து இதுதான் என்று ஏற்கும் வடிவில் அதை எடுத்து வைத்துவிட்டுச் சொல்லவேண்டும். கேட்பது என்பதற்கு இதைவிடக் கடினமான பொருள் எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அடுத்து என்ன சொல்லலாம் என்று மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருப்பதும் அதில் சேராது.

ராதாகிருஷ்ணன் கிறிஸ்தவர் ஆகவில்லையே, அப்படியானால் ஹாக் தோற்றவர்தானே என்று கேட்கலாம். மதமாற்றக் கணக்குப் பார்த்தால் ஆம். அந்த மாணவர் வேதாந்தத்தின் உலகறிந்த விளக்கவுரையாளராகவும், கிறிஸ்து மட்டுமே வழி என்ற நிலைப்பாட்டைக் கடுமையாக விமர்சித்தவராகவும் ஆனார். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோதும் அதற்குப் பின்னரும் கிறிஸ்தவ இறையியலை அவர் வாசித்துக்கொண்டே, அதோடு வாதாடிக்கொண்டே இருந்தார். கேலிசெய்து உதறிவிட முடியாத ஒன்றாக அது அவருக்கு நின்றது. ஹாக்கின் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரிகள் கூடியபோது, ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் புத்தகம் எல்லாருடைய கையிலும் இருந்தது. கிறிஸ்துவில் கடவுள் பேசியதற்கும் மற்ற மதங்களுக்கும் இடையே பாலம் ஏதும் கிடையாது என்பது அதன் சாரம். 35 ஆண்டுகள் சென்னையில் பாடம் நடத்திய ஹாக் அதை மறுத்தார். இந்து நண்பர்களின் பிரார்த்தனை வாழ்க்கையில் கடவுளோடு உண்மையான உறவு இருப்பதைப் பார்த்தபின் அப்படி அடித்துப் பேச அவரால் முடியவில்லை. வகுப்பறையில் கேட்டது சபையில் சாட்சியாக வந்தது. கிரேமரும்கூட மிஷனரிக்குத் துணிச்சலோடு ஆழ்ந்த பணிவும் வேண்டும் என்று எழுதியவர்தான். கிரேமரை மேற்கோள் காட்டுகிறவர்கள் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு பணிவை விட்டுவிடுவது வழக்கம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி அடையாற்றோடு சேர்ந்தது. 1882இன் இறுதியில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபையை அடையாற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வந்து விழுந்ததாகச் செய்தி பரவியது. 1884 செப்டம்பரில் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை ஓர் அணுகுண்டைப் போட்டது. சபையில் வீட்டு நிர்வாகம் பார்த்துவந்த எம்மா கூலோம் கொடுத்த கடிதங்களை வெளியிட்டு, அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று குற்றம்சாட்டியது. லண்டனிலிருந்து வந்து விசாரித்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சனின் 1885ஆம் ஆண்டு அறிக்கையும் அம்மையாருக்கு எதிராகவே முடிந்தது. (அந்த விசாரணை முறையைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தது வேறு கதை.) ஐரோப்பா போயிருந்த பிளாவட்ஸ்கி 1884 டிசம்பரில் சென்னை திரும்பியபோது அவரை உற்சாகமாக வரவேற்றவர்களில் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்களே இருந்தார்கள். தங்கள் ஆசிரியர்கள் பொய்யை அம்பலப்படுத்தியதாக அவர்கள் நினைக்கவில்லை. இந்திய மரபை மதித்துப் பேசிய வெள்ளையரை, அதை மதிக்காத வெள்ளையர் தாக்குகிறார்கள் என்றே பார்த்தார்கள்.

இங்கே பத்திரிகையின் தகவல் சரியா தவறா என்பது பெரிய கேள்வி இல்லை, சரியென்றே வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் அந்தச் சபையில் எதைத் தேடினார்கள் என்ற கேள்வியைப் பத்திரிகை கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். உங்கள் முன்னோரின் நூல்களில் உலகம் கற்கவேண்டியது உண்டு என்று ஆங்கிலத்தில், மேடையில், ஒரு மேலை நாட்டவர் சொல்லக் கேட்டது அந்தத் தலைமுறைக்கு மருந்தாக இருந்தது. அந்த ஏக்கத்தைத் தொடாமல் கடிதங்களின் கையெழுத்தை மட்டும் ஆராய்ந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பிளாவட்ஸ்கி 1885இல் இந்தியாவை விட்டுப் போனார், திரும்பவில்லை. சபை மட்டும் அடையாற்றில் இன்றுவரை இருக்கிறது. இதே கல்லூரியில் 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கும் ராதாகிருஷ்ணனும் சந்தித்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இடையில் அந்த நிறுவனம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது புரியும்.

உறுதியான விசுவாசிகள் இதற்கு எழுப்பும் மறுப்பு எளிதானதல்ல. உண்மை எங்களிடம் இருக்கிறது என்று மனமார நம்பும்போது மற்றவரிடம் கேட்க என்ன இருக்கிறது, கேட்பதாகப் பாவனை செய்வது போலித்தனம் ஆகாதா என்கிறார்கள். கிறிஸ்தவ விசுவாசத்தின் உள்ளேயிருந்தே இதற்குப் பதில் சொல்லலாம். மீட்பு தன் தகுதியால் சம்பாதித்தது அன்று, கிருபையாகக் கிடைத்தது என்பது அந்த விசுவாசத்தின் மையம். இலவசமாகப் பெற்றவர் அதைத் தன் சாமர்த்தியம்போலக் காட்டிக்கொள்வது அந்த மையத்தையே மறுப்பதாகும். தன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லவேண்டும் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்லும்போது, முதலில் ஒருவர் கேட்கிறார், பிறகுதான் பதில் வருகிறது, வரிசையைக் கவனிக்கவேண்டும். எருசலேம் தேவாலயத்தில் 12 வயது இயேசு என்ன செய்துகொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார்: போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களிடம் வினாவினார். கடவுளின் குமாரன் என்று தாங்கள் அறிக்கையிடுகிறவரே கேட்டிருக்கும்போது அவருடைய சீடர்களுக்கு மட்டும் ஏன் அது குறைவாகப்படவேண்டும்?

கேட்டால் கரைந்துபோவோம் என்ற பயம் வேறு வகை. அதற்கு லெஸ்லி நியூபிகினின் வாழ்க்கையே நல்ல சான்று. 1936இல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக வந்த அவர், காஞ்சிபுரத்தில் இருந்த ஆண்டுகளில் அங்கிருந்த ராமகிருஷ்ண மிஷனுக்குப் போய்த் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து படித்தார். ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் எழுதிய சுவிசேஷம். அந்த மடத்தின் கூடத்தில் மகான்களின் படங்களுக்கிடையே இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடும் நடக்கும். வந்த விருந்தாளி இதைப் பார்த்துப் பூரித்துப்போயிருக்கலாம், அல்லது சிலைவழிபாடு என்று முகம் சுளித்திருக்கலாம். நியூபிகின் இரண்டையும் செய்யாமல் யோசித்தார். இயேசுவை இவர்கள் தங்கள் உலகப் பார்வைக்குள் ஒரு மூலையில் வசதியாக உட்காரவைத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதை ஏற்க அவருடைய விசுவாசம் இடம்தரவில்லை. ஆனால் அந்த யோசனை அங்கே நிற்கவில்லை. தன் நாட்டுச் சபைகளும் அதையேதான் செய்திருக்கின்றன, ஐரோப்பாவின் அறிவியல், பொருளாதாரப் பார்வைக்குள் இயேசுவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் ஒதுக்கியிருக்கின்றன என்பது அவருக்குப் பின்னர் உறைத்தது. 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்துவிட்டு ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர், அந்த நாட்டுக்கே சுவிசேஷத்தை மறுபடி சொல்லவேண்டும் என்று எழுதத் தொடங்கினார். பல சமயங்கள் கூடிய சமூகத்தில் சுவிசேஷம் பற்றிய அவருடைய 1989ஆம் ஆண்டுப் புத்தகம் உலகெங்கும் இறையியல் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. காஞ்சிபுரத்துத் துறவிகளோடு உட்கார்ந்ததால் அவர் இந்துவாகவில்லை. அவர்களிடம் உட்காராமல் இருந்திருந்தால் தன் ஊரைப் பார்க்கும் கண் அவருக்குக் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

அவர் பேராயராக அமர்ந்திருந்த கதீட்ரலுக்கு வருவோம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற பிரிவுகள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த சண்டைகளால் பிறந்தவை. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியாவுக்கு அந்தச் சண்டைகளைச் சுமக்க எந்தக் காரணமும் இல்லை. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இளைஞரான அவர் பேசிய பேச்சு பலரை நெளியவைத்தது. உங்கள் தியாகத்துக்கு நன்றி. பொருளைத் தந்தீர்கள், உடலை வருத்தினீர்கள். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் முடிவு. இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் இந்தியப் பேராயரான அவர் 1919இல் தரங்கம்பாடியில் பல சபைக் குருமார்களோடு கூடி ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை, பேராயரின் கை வைக்கப்படாமல் குருப்பட்டம் பெற்றவர்களின் ஊழியம் செல்லுமா என்பது. செல்லாது என்றால் மெதடிஸ்டுகள் இத்தனை காலமும் செய்தது என்ன என்று கேட்பார்கள். செல்லும் என்றால் ஆங்கிலிக்கன் மரபே ஆட்டம் காணும். கடைசியில் ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்கள் அனைவரையும் மறுபட்டம் இல்லாமல் அப்படியே ஏற்பது, இனிமேல் பட்டம் பெறுகிறவர்கள் எல்லாரும் பேராயர் வழியாகவே பெறுவது, எந்தச் சபைமக்கள் மீதும் அவர்கள் மனச்சாட்சி ஏற்காத ஊழியத்தைத் திணிப்பதில்லை என்று உறுதிகொடுப்பது என்று முடிவாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று இந்தப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபைகளும் அப்படி இணைந்தது சீர்திருத்த காலத்துக்குப் பின் அதுவே முதல்முறை. அசரியா 1945 ஜனவரி முதல் நாளே இறந்துவிட்டார். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க ஒரு தலைமுறைக்காலம் பிடித்தது என்பதை, மற்ற மதத்தாரோடு ஒரு மாலையில் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

இந்துக்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பும் உண்டு. அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ளவேண்டும். கேட்பதெல்லாம் மதமாற்றத்துக்கு விரிக்கும் கம்பளம்தானே, எங்களைப் புரிந்துகொண்டால் எங்களைப் பிடிப்பது சுலபம் என்பதற்காகத்தானே என்கிறார்கள். சரித்திரத்தில் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் தமிழர்களின் கடவுளர்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்தது முதலில் மறுப்பதற்கு வசதியாகத்தான். ஆனால் கேட்கத் தொடங்கியபின் என்ன நடக்கும் என்பது கேட்பவரின் கையில் முழுக்க இருப்பதில்லை. 1712க்கும் 1714க்கும் இடையில் அவரும் உடனிருந்தவர்களும் தமிழ்ப் படிப்பாளிகளுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த 99 கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகரில் அச்சிடச் செய்தார்கள். கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் தயவு தாட்சண்யம் இல்லை: மாட்டை அடித்துத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை, உங்கள் மதம் நல்லதாக இருக்கலாம், நடத்தையில் அது தெரியவில்லை என்ற வகையில் எழுதியிருந்தார்கள். தன் ஆட்களைப் பற்றிய அந்த வசைகளை ஐரோப்பிய வாசகர்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பது பிரச்சார உத்தி என்றால் விநோதமான உத்தி. 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரலாற்றை எழுதி ஹாலேவுக்கு அனுப்பியபோது, அங்கே தலைமையில் இருந்த ஃபிராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்பவேண்டாம் என்பது அவர் எண்ணம். அந்தக் கைப்பிரதி 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. ஒருவர் தன் மேலதிகாரிகளின் விருப்பத்துக்கு எதிராகவே கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் அதை வெறும் தந்திரம் என்று முடித்துவிட முடியாது.

சந்தேகத்துக்குச் சட்டத்தின் மூலம் பதில் தேடுகிறவர்களும் உண்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை, மதத்தைப் பின்பற்றும் உரிமையோடு பரப்பும் உரிமையையும் சேர்க்கலாமா என்று விவாதித்தபோது டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆதரித்துப் பேசினார். சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தும் தன்னை மதம் மாற்ற எந்த முயற்சியும் நடக்கவில்லை என்று சொன்னார். ஒடுக்கப்பட்டவர்கள் மாறினால் அதற்குக் காரணம் அங்கே கிடைத்த சம அந்தஸ்து என்பதையும் மறைக்கவில்லை. 25ஆவது பிரிவில் அந்த உரிமை இடம்பெற்றது. பரப்பும் உரிமை வேறு, இன்னொருவரை மாற்றும் உரிமை வேறு என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டிலும் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் வந்து, 2004 தேர்தலுக்குப் பின் போனது. இந்த வாதங்கள் எந்தப் பக்கம் முடிந்தாலும் ஒன்று மாறப்போவதில்லை: பேச உரிமை உண்டு என்று சட்டம் சொல்லலாம், அடுத்தவர் காது கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. கிருஷ்ணமாச்சாரி சாட்சி சொன்னது தன்னிடம் பேசியவர்களுக்காக அல்ல, தன்னை வற்புறுத்தாமல் படிக்கவிட்டவர்களுக்காக. அந்தக் கல்லூரி வேறு எந்த வகையிலும் சம்பாதித்திருக்க முடியாத வக்கீல் அவர்.

மயிலாப்பூரில் கேட்பது இன்னும் ஒரு படி கடினம்; மண்ணுக்கடியில் பழைய வழக்கு ஒன்று கிடக்கிறது. சாந்தோம் பேராலயம் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறைமேல் நிற்பதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ காலத்திலேயே அந்த நம்பிக்கை இருந்தது. தோமா வந்தார் என்பதற்கு அவர் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. மறுபுறம், கபாலீசுவரர் கோயில் ஆதியில் கடலோரம் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிக்கப்பட்டது என்று மயிலாப்பூர்க்காரர்கள் பலர் நம்புகிறார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த கோயில் கல்வெட்டுத் துண்டுகளைச் சான்றாகக் காட்டுகிறார்கள். கிறிஸ்தவர் ஒருவர் தோமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் ஓடுவது அந்தக் கோயில். அதைப் போர்ச்சுகீசியர் செய்தது, எங்களுக்கென்ன என்று தள்ளிவிடலாம், தர்க்கப்படி சரிதான். ஆனால் அந்த இழப்பை முழுவதும் சொல்லவிட்டுக் கேட்ட பிறகு பேசினால்தான் தோமாவும் காதில் விழுவார். அதேபோல, சாந்தோமில் மெழுகுவத்தி ஏற்றும் பெண்ணிடம் உன் தோமா கட்டுக்கதை என்று ஆரம்பிக்கிறவருக்கும் எதுவும் தெரியவராது. ஆதாரம் இல்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இரு தரப்பும் தங்கள் ஆதாரத்தின் பலவீனத்தைத் தாங்களே முதலில் சொல்லும் பழக்கம் வந்தால் பாதிச் சண்டை அடங்கும்.

இதுவரை சொன்ன கதைகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஹாக், சீகன்பால்க், நியூபிகின் மூவரும் பெரும்பாலும் படித்தவர்களிடம், புலவர்களிடம், துறவிகளிடம், உயர்சாதியாரிடம் கேட்டார்கள். மதங்களுக்கிடையிலான உரையாடல் என்று நாம் இன்றும் கொண்டாடுவது வேதாந்தத்துக்கும் இறையியலுக்கும் நடக்கும் சம்பாஷணையைத்தான். தமிழ்நாட்டின் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 6.12 பேர், சென்னையில் ஏறக்குறைய 8 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் தலித், நாடார், மீனவச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு விசுவாசம் என்னவாக இருந்தது என்று யார் கேட்டார்கள்? 1938இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் புத்தகத்தில் பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் அவர்கள் நண்பர்களும் கிரேமருக்குப் பதில் எழுதினார்கள். மேலை நாட்டுச் சபை அமைப்பை அப்படியே இறக்குமதி செய்ததைச் சாடினார்கள். அந்தக் குரலைச் சபைத் தலைமை பெரிதாகச் செவிமடுக்கவில்லை. பின்னாளில் மேயராக இருந்த சக்கரை தொழிற்சங்கவாதியும்கூட. ஆயினும் அந்தக் குழுவும் படித்த நடுத்தர வர்க்கத்தின் குழுதான். சேரிச் சபைகளின் குரல் அதில் அதிகம் இல்லை. கீழ்ப்பாக்கம் குருகுல லூத்தரன் இறையியல் கல்லூரியில் 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை ஒரு பாடமாக நிலைநிறுத்தியபோதுதான், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று அதுவரை பெயர்பெற்றது பெரும்பாலும் பிராமணத் தத்துவத்தோடு நடந்த பேச்சு என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பகுதி வைத்திருந்த சபைகள், இந்துச் சகோதரர்களோடு பணிவாகப் பேசுவதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் உள்ள முரண் யாரும் சுட்டிக்காட்டாமலே தெரியக்கூடியது. மேலே இருப்பவரிடம் காட்டும் பணிவு பல சமயங்களில் வெறும் மரியாதைப் பழக்கம். பணிவா இல்லையா என்று தெரிவது கீழே வைத்திருப்பவரிடம் கேட்கும்போது.

கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமா, அநீதியைக் கண்டு எப்போது பேசுவது என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர் தன் சபையின்மேல் வைக்கும் குற்றச்சாட்டுக்கு, நாங்கள் உங்கள் வேதனையைக் கேட்கிறோம் என்று மேடையில் தலைகுனிவது பதில் ஆகாது. கேட்டதற்குப் பிறகு கல்லறைச் சுவர் இடிபடவேண்டும், பங்குப் பேரவையில் இடம் கிடைக்கவேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காததை எதிர்த்துச் சபைகள் ஊர்வலம் போவது நியாயம்தான். அதே கேள்வியைத் தங்கள் சொந்தப் பள்ளி, கல்லூரிகளின் வேலை நியமனங்களிலும் கேட்கவேண்டும்.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஆண்டுதோறும் சமய நல்லிணக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒரு ஆயர், ஒரு சுவாமி, ஒரு இமாம். ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு பொன்னாடை, நன்றியுரை. யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஏற்பாடு செய்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். நொச்சிக்குப்பத்திலிருந்து சாந்தோமுக்கு வரும் மீனவப் பெண்ணும், ஏதாவது ஒரு புறநகர்ச் சேரிச் சபையின் உபதேசியாரும் முதலில் பேசட்டும். ஆயரும் சுவாமியும் கேள்வி கேட்டபின்தான் தங்கள் உரையைத் தொடங்கட்டும். பொன்னாடையை விட்டுவிடலாம்.